இருபத்தைந்தாவது தோட்டா

திங்கட்கிழமை காலை மார்லிஸ் ஒரு தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் இருபது தடவை குலுக்கினாள். தாளில் சாம்பல் விழுந்தது. அதிகமில்லை, ஒரு சிட்டிகைகூட வராது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். தோட்டாவின் வாய் எட்டு மடிப்பாக, பூ குவிந்த மாதிரி மூடியிருந்தது. எட்டு மடிப்பும் கூடும் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஈயக் குண்டுகள் அந்த வழியே வராது. சாம்பல் வரும்.

அது விறகு அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல். அவள் புருஷன் ஹார்லன் சமையலறை மேடையில், காபி டப்பாவுக்குப் பக்கத்தில், தகனம் செய்தவர்கள் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தான்.

பிப்ரவரியில் அவன் இறந்த மறுவாரம், மேசை இழுப்பறையில் மார்லிஸுக்கு ஒரு கவர் கிடைத்தது. உள்ளே துப்பாக்கிக் கழகத்தின் ஸ்கோர் தாள் ஒன்று. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். சாம்பலில் கொஞ்சம் எடுத்து இருபத்தைந்து தோட்டாவில் போட வேண்டும். லீக் தொடங்கும் முதல் வியாழக்கிழமை என் குழு சுட வேண்டும். மிச்சத்தை, பனியில் இறுகின நிலம் இளகினபிறகு, சர்ச் கல்லறையில் வைக்கலாம். கடைசி வரி தனியாக இருந்தது: தோட்டாவை மார்லிஸ் போடட்டும்.

அன்புள்ள என்றோ தயவுசெய்து என்றோ எங்கும் இல்லை. அவன் மளிகைச் சீட்டு எழுதுவதும் அப்படித்தான்.

தோட்டா போடுவது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான இரண்டாம் குளிர்காலத்திலிருந்து ஹார்லனுக்கு அவள்தான் போட்டாள். கழகத்தில் காற்றில் எறியும் களிமண் தட்டுகளை அவன் துப்பாக்கியால் சுடுவான். காலி உறைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவான். இவள் கராஜில் உட்கார்ந்து உறையின் அடியில் பொறி கிளப்பும் பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து, தக்கை, ஈயம் என்று வரிசையாக இறக்கி, கைப்பிடியை அழுத்தி வாயை மடித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பெட்டியில் அடுக்குவாள். வருஷத்துக்கு ஐயாயிரம் என்று வைத்தாலும் இரண்டு லட்சம் வந்துவிடும். அதில் ஒன்றைக்கூட அவள் சுட்டதில்லை. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்காது.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து அடித்தவனுக்குக் கழகத்தில் ஒரு துணி வில்லை கொடுப்பார்கள், சட்டையில் தைத்துக்கொள்ள. ஹார்லனின் சட்டையில் அது இல்லை. பதினோரு தடவை இருபத்திநாலு அடித்திருக்கிறான். அதில் ஒரு தடவை, 1998இல், மாவட்ட இறுதிப் போட்டியில், கடைசித் தட்டுக்கு அவன் விசையை அழுத்தியபோது துப்பாக்கி வெடிக்கவில்லை, புஸ்ஸென்றது. வாய் தளர்ந்த தோட்டா. மருந்து எரிந்து முடிவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தட்டு முழுசாகப் போய் விழுந்தது. ஸ்கோர் எழுதும் ஆர்டிஸ் இன்னொரு தட்டு தருகிறேன் என்றாள். ஹார்லன் வேண்டாம் என்றுவிட்டான். "தக்கை வெளிய வந்துடுச்சு. அப்ப சுட்டாச்சு. எழுதுங்க." வீட்டுக்கு வரும் இருபத்திரண்டு மைலும் அவன் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றும்போதுதான் சொன்னான்.

"வாய் சரியா மூடல."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் என்றைக்கும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து மார்லிஸ் ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். வாய் கோணின தோட்டா பெட்டிக்குள் போகக் கூடாது. கத்தியால் உறையை வெட்டித் திறந்து, ஈயத்தை ஈயத்தோடும் மருந்தை மருந்தோடும் கொட்டிவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சட்டத்தை அவள் மீறியதில்லை.

இன்றைக்குத் திங்கள். வியாழன் மாலை ஆறு மணிக்கு லீக்.

*

தோட்டா ஒழுகுகிறது என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டு மத்தியானம் வெர்லின் வந்தான். ஹார்லனின் குழுவில் கடைசி இடத்தில் நின்று சுடுபவன். மார்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். உரக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். ஒரு பழைய சாக்லேட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு கையும் நடுங்கியதால் டின்னுக்குள் ஏதோ கலகலவென்று ஆடியது.

"என்ன, கிலுகிலுப்பை கொண்டு வந்தியா?" என்றாள்.

"சிரி, சிரி. மாத்திரையை மாத்திருக்கான் டாக்டர். இப்ப காபி குடிச்சா பாதிதான் சட்டையில கொட்டுது."

டின்னிலிருந்து விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தான். அடிப்பக்கம் கிண்ணம்போல் குழிந்து, உள்ளே இரண்டு சின்னப் பற்கள் இருந்தன.

"மடிச்சா ஒழுகத்தான் செய்யும். விளிம்பை உள்பக்கமா சுருட்டணும். மேல ஒரு அட்டை வில்லையை வச்சு, இதை டிரில்லிங் மெஷின்ல மாட்டிச் சுத்தவிட்டு மெதுவா இறக்கினா, பிளாஸ்டிக் சூட்டுக்கு இளகி உள்பக்கமா உருண்டுக்கும். அட்டையைக் கவ்விப் பிடிச்சுக்கும். ஒரு பொடி வெளிய வராது. எங்கப்பா மான் தோட்டாவெல்லாம் இதுலதான் போடுவாரு."

"நீயே போட்டுக் குடுக்கலாமே."

வெர்லின் தன் கைகளை அவள் முன்னால் நீட்டிக் காட்டினான். இருவரும் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார்கள்.

"அதோட, உன் பேரைத்தானே எழுதி வச்சிருக்கான்," என்றான். "சாகப்போறவன் பூ தூவச் சொல்லிட்டுப் போகக் கூடாதா? உனக்கு வேலை வச்சுட்டுப் போயிருக்கான் பாரு."

"பூ அவனுக்கு ஒத்துக்காது. தும்முவான்."

அவள் காபி ஊற்றினாள், அவனுக்கு அரைக் கோப்பை மட்டும். வெர்லின் மேடையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். வெளியே பீட் கிழங்கு வயல்களில் பனி உருகித் தண்ணீர் வரப்புவரைக்கும் நின்றது.

"சாப்பிடறியா?"

"சாவுக்கு ஊர்ல குடுத்தனுப்பின சாப்பாடு பதினோரு சட்டி வந்துச்சு. ஒன்பது கழுவித் திருப்பிக் குடுத்தாச்சு. ரெண்டுக்கு அடியில பேர் ஒட்டல. யாருதுன்னே தெரியல."

"நான் அதைக் கேக்கல, மார்லிஸ்."

"சாப்பிடறேன்."

வெர்லின் மறுபடியும் ஹார்லன் இறந்த நாளின் கதையைச் சொன்னான். நாலாவது தடவை. உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் கொட்டகையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். இவன் தன் மருமகளைப் பற்றி, டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஹார்லன் தூண்டிலைப் பிடித்தபடி குனிந்திருந்தான்.

"இருபது நிமிஷம் பேசியிருப்பேன். பதில் வரலன்னு எனக்குத் தோணவே இல்ல. அவன் எப்பவும் அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றாள் மார்லிஸ்.

அவன் எதையோ எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள், பாஸ்டர் உட்பட. அவளும் உள்ளே தேடித்தான் பார்த்தாள். குளிரில் மரத்த காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. அப்படி இருந்தது.

"அமுக்காதே," என்றான் வெர்லின் கிளம்பும்போது. "அமுக்கணும்னுதான் கை போகும். விட்டுடு. அதுவா உருளும்."

*

செவ்வாய் முழுவதும் அடுப்புச் சாம்பலோடு போயிற்று.

முதல் ஏழும் வீண். ஹார்லன் பொறுக்கி வைத்திருந்த பழைய உறைகளின் வாயில் எட்டு மடிப்பின் தடமும் அப்படியே நின்றது. இரும்பு இறங்கியதும் விளிம்பு வட்டமாகச் சுருளாமல், தன் பழைய மடிப்பின் வழியே மடங்கப் பார்த்தது. அலை அலையாக, சுருங்கிய உதடுபோல் வந்தது. குலுக்கினால் தாளில் சாம்பல்.

எட்டாவதை அவள் உடனே போடவில்லை. ஓர் உறையை மரக்கட்டையில் செருகி, சவர பிளேடால் மடிப்பு விழுந்த பகுதியை மட்டும் சுற்றி வெட்டி எறிந்தாள். மிச்சம் நேராக இருந்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. அட்டைக்கு மேலே சுருட்டுவதற்குக் கால் அங்குலமாவது உறை நிற்க வேண்டும். அவள் தக்கைகளை அளந்து பார்த்து, உயரம் குறைந்த தக்கைக்கு மாற்றினாள். இப்போது அளவு சரியாக இருந்தது.

அடுத்து உறை சுழன்றது. மேலே இரும்பு சுற்ற, கீழே உறையும் கூடவே சுற்றியது. ஒரு கட்டையில் உறையளவுக்கு ஓட்டை போட்டு, அதை இரண்டாகப் பிளந்து, இடுக்கியில் வைத்து இறுக்கினாள். உறை நின்றது. பிறகு விளிம்பு பொசுங்கியது. இரும்பை வேகமாகச் சுற்றவிட்டதால் இளகுவதற்குப் பதிலாக உருகிற்று. மெஷினின் பெல்ட்டைக் கழற்றி மெதுவான சக்கரத்துக்கு மாற்றினாள். விளிம்பில் மெழுகுவர்த்தியை ஒரு சுற்றுத் தேய்த்தாள்.

பதினாறாவது உருண்டது.

கைப்பிடியில் அவள் வைத்தது கையின் கனம் மட்டும்தான். இரும்பு விளிம்பைத் தொட்டது, சத்தம் மாறியது, பிசுபிசுவென்று தாழ்ந்தது. விளிம்பு உள்பக்கம் சாய்ந்து, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, அட்டையின்மேல் போய் உட்கார்ந்தது. மெஷினை நிறுத்தி, இரும்பை எடுக்காமல் பத்து எண்ணினாள், பிளாஸ்டிக் ஆறட்டும் என்று. எடுத்துப் பார்த்தாள். புதுச் சட்டையின் கைமடிப்புப்போல் சுற்றிலும் ஒரே அளவு. நாற்பது தடவை குலுக்கினாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

நல்லது என்று நினைத்தாள். நல்லது என்ற சொல் வந்தது. அதனோடு வேறு எதுவும் வரவில்லை.

*

புதன் காலை கறுப்புப் பெட்டியைக் கராஜுக்கு எடுத்துப்போனாள். உள்ளே பிளாஸ்டிக் பை, பையின் கழுத்தில் எண் குத்திய தகரத் துண்டு. அவிழ்த்ததும் அவளுக்கு ஒன்று தெரிந்தது: இவ்வளவு நேரம் தப்பான சாம்பலில் பழகியிருக்கிறாள். அடுப்புச் சாம்பல் மாவுபோல் பறக்கும். இது பறக்கவில்லை. நொறுங்கிய கிளிஞ்சலும் கரடுமுரடான மணலும் கலந்தாற்போல, வெளுப்பாக, கனமாக இருந்தது. பழைய டீச் சல்லடையில் சலித்தாள். சல்லடையில் நின்றதைத் திரும்பப் பையில் கொட்டினாள்.

தராசில் ஒரு தோட்டாவுக்கான ஈயத்தை நிறுத்தாள். சாம்பல் எவ்வளவு கனமோ அவ்வளவு ஈயத்தைக் குறைத்தாள். கனம் கூடினால் துப்பாக்கிக்கு ஆகாது. ஈயத்தை இறக்கி அதன்மேல் சாம்பலைக் கொட்டி விரலால் உறையைத் தட்டினால், குண்டுகளின் இடுக்கில் அது தானாக இறங்கி நிறைந்தது. அட்டை வில்லையில் பென்சிலால் எண் போட்டாள். ஒன்று.

பத்து போட்டு முடித்தபோது போன் வந்தது. டென்வரிலிருந்து மகள் சோன்யா.

"என்னம்மா பண்றே?"

"அப்பாவைப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அம்மா, அதைக் கழகத்துல யார்கிட்டயாவது குடுத்துடக் கூடாதா?"

"என் பேரு எழுதியிருக்கான்."

"அழுதியாம்மா? ஒரு தடவையாச்சும்?"

"சல்லடை கையில இருக்கு சோன்யா. அப்புறம் பேசறேன்."

பதினொன்று. பன்னிரண்டு. கை பழகிவிட்டது. மெழுகு, அட்டை, இடுக்கி, இரும்பு, பத்து எண்ணுவது. பதினெட்டில் ஒரு விளிம்பு லேசாகக் கோணியது. மறுபடி இரும்பை வைத்ததும் சரியாகிவிட்டது. இருபதுக்கு மேல் அவள் எதையும் நினைக்கவில்லை. மெஷினைக்கூட நிறுத்தவில்லை. சுற்றியபடியே இரும்பைத் தூக்கி, அடுத்ததை இடுக்கியில் செருகினாள். இருபத்திமூன்று. இருபத்திநாலு.

இருபத்தைந்தில் இரும்பு தொட்டதுமே சத்தம் வேறாக இருந்தது. நெடி வந்தது. அவள் கைப்பிடியைத் தூக்குவதற்குள் விளிம்பின் பாதி உருகிவிட்டது. இத்தனை நேரம் விடாமல் சுற்றியதில் இரும்பு காய்ந்துபோயிருந்தது. பத்து தோட்டாவுக்கு ஒருமுறை அதை ஆறவிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்கும் இரும்பு பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா?

தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அழகாகச் சுருண்டிருந்தது. மறுபக்கம் மெழுகுபோல வழிந்து, அட்டையின் ஓரத்தில் மெல்லிய தோலாக ஒட்டியிருந்தது. குலுக்கினாள். ஒழுகவில்லை. ஆனால் அது பிடி இல்லை. மருந்து உதைக்கும்போது அந்தத் தோல் ஒரு கணம்கூடத் தாங்காது. 1998 மாதிரி புஸ்ஸென்று போகும்.

கத்தியை எடுத்தாள். உறையைக் கட்டையின்மேல் படுக்கவைத்து, ஈயம் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கத்தியின் விளிம்பை வைத்தாள். ஆயிரம் தடவை செய்த வேலை. ஓர் இழுப்பு, ஒரு திருப்பு, உறை இரண்டாகும், உள்ளே இருப்பது தட்டில் கொட்டும்.

கை இழுக்கவில்லை.

அழுகை எதுவும் வரவில்லை. கை மட்டும் அங்கேயே நின்றது, வேறு யாருடைய கையோபோல. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கராஜின் கூரையிலிருந்து உருகிய பனி சொட்டும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, அந்தத் தோட்டாவைப் பெட்டியின் கடைசிக் குழியில் செருகி மூடியைச் சாத்தினாள்.

*

வியாழன் மாலை வெயில் இருந்தது. காற்று வடமேற்கிலிருந்து வந்தது. கழகத்து மைதானத்தின் ஓரங்களில் அழுக்குப் பனி இன்னும் குவிந்துகிடந்தது. வழக்கத்துக்கு மேல் ஆட்கள் வந்திருந்தார்கள். மார்லிஸ் பேர் ஒட்டாத இரண்டு சட்டிகளையும் கொண்டுவந்து கழகத்து மேசையில் வைத்தாள். யாருடையதோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆர்டிஸ் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தாளில் பேர் எழுதினாள். சுடப்போகிறவர்கள் ஹார்லனின் குழுவினர் ஐந்து பேர். ஆனால் ஸ்கோருக்கு ஒரே வரி, ஒரே பேர்: ஹார்லன் ட்வைட்.

"ஆளுக்கு அஞ்சு," என்றாள் மார்லிஸ். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எண்ணி வைத்தாள். ஓரினுக்கு ஒன்றிலிருந்து ஐந்து. மைலோவுக்கு அடுத்த ஐந்து. கடைசி இடத்தில் வெர்லின். இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து. அவன் கை நடுங்கியதால் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசின.

"எவ்வளவு சுத்தமா சுருட்டியிருக்கா பாருங்கடா," என்றான் மைலோ. "சுடவே மனசு வரல."

"நீ சுட்டாலும் தட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே," என்றான் ஓரின்.

அவள் வெர்லினிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கடைசித் தோட்டா சரியில்லை, என்னிடம் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை. அவன் ஐந்தையும் மேல்பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓரின் முதலில் தட்டை விடச் சொல்லிக் கத்தினான். "புல்!" தட்டு எறியும் மெஷின் இருக்கும் பள்ளத்து அறையிலிருந்து ஆரஞ்சுத் தட்டு பாய்ந்தது, வெடித்தது, தூளானது. துப்பாக்கி முனையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் புகை. அது கலையாமல் ஒரு கணம் நின்று, வயல் பக்கமாகச் சாய்ந்து போயிற்று. ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு உடைந்தால் ஸ்கோர் எழுதுபவர் பேச வேண்டியதில்லை. தப்பினால் மட்டும்தான் "லாஸ்ட்", அதாவது போச்சு, என்று குரல் கொடுப்பார்கள்.

ஐந்து. பத்து. மைலோவின் நாலாவது தட்டு ஓரத்தில் ஒரு சில்லு மட்டும் தெறித்தது. சில்லு போனாலும் கணக்குத்தான். பதினைந்து. இருபது. ஆர்டிஸ் வாய் திறக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஹார்லன் சட்டையில் இல்லாத துணி வில்லை எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும். மார்லிஸ் வெடிகளைத்தான் எண்ணினாள். ஒவ்வொன்றும் முழுச் சத்தத்தோடு, கெட்டியாக வந்தது. வாய் பிடித்திருக்கிறது. ஓர் ஒழுகல் இல்லை.

வெர்லின் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். குழல் ஆடியது. பல்லைக் கடித்து ஆட்டத்தை நிறுத்தினான். இருபத்தொன்று உடைந்தது. இருபத்திரண்டு. இருபத்திமூன்றுக்கு அவன் இரண்டு தடவை தோளிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றினான். உடைந்தது. இருபத்திநாலு தூளானது.

அவன் பையிலிருந்து கடைசியை எடுத்தான். வாயைப் பார்க்கவில்லை. உள்ளே தள்ளி மூடினான்.

"புல்!"

புஸ்ஸென்றது.

தட்டு முழுசாகப் பறந்து பனிக்குவியலில் போய்ச் செருகியது. தக்கை ஆறடி தள்ளிப் புல்லில் விழுந்தது. துப்பாக்கி முனையிலிருந்து வெளுத்த தூள் தொப்பென்று கீழே கொட்டி, சிமென்ட்டிலும் வெர்லினின் பூட்ஸிலும் படிந்தது.

வெர்லின் துப்பாக்கியைத் திறந்து, குழலை வானத்துக்கு உயர்த்தி உள்ளே பார்த்தான். அடைப்பில்லை.

"இது கணக்குல வராது," என்றான் ஓரின். "தோட்டா பழுது. இன்னொரு தட்டு விடலாம்."

"தோட்டாவுக்கு எங்க போறது?" என்றான் மைலோ.

"வீட்டுல இன்னும் இருக்கான்ல?"

யாரோ சிரிப்பை அடக்க முயன்று இருமினார்கள்.

"என் கைதான்," என்றான் வெர்லின். "கை ஆடிடுச்சு மார்லிஸ். தோட்டாமேல தப்பில்ல."

"கை இல்ல," என்றாள் அவள். "வாய் உருகினது. எனக்கு நேத்தே தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சே?"

"வெட்டணும். கத்தியை எடுத்துட்டேன். வெட்ட வரல."

வெர்லின் அவளைப் பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்தித் தன் பூட்ஸைப் பார்த்தான்.

ஆர்டிஸ் நாற்காலியிலிருந்து குனிந்தாள். 1998இல் உட்கார்ந்திருந்த அதே இடம். "மார்லிஸ், நான் இன்னொண்ணு தரலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஒரு கோடுதான். போட்டுடறேன், இருபத்தஞ்சு."

"தக்கை வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப சுட்டாச்சு. எழுதுங்க."

ஆர்டிஸ் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எழுதுவதற்கு முன் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"லாஸ்ட்," என்றாள் மார்லிஸ். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் இருந்தது அவள் குரல்.

ஆர்டிஸ் கடைசிக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள். வரிசையின் முடிவில் இருபத்திநாலு என்று எழுதினாள்.

"பன்னிரண்டாவது தடவை," என்றான் மைலோ. "செத்தும் திருந்தலடா அவன்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஓரின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மார்லிஸின் வாயும் சிரிப்பதுபோல் அசைந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

வெர்லின் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். "மார்லிஸ், நான் காலை எடுக்கலாமா?"

அவள் அவன் அருகே போனாள். சிமென்ட்டின் பள்ளத்தில் தூள் ஓடிப் படிந்திருந்தது. காற்று அதன் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வாய் சரியா மூடல."

பதில் வரவில்லை. வரும் என்று அவள் நிற்கவும் இல்லை.

"எடு," என்றாள் வெர்லினிடம். "பூட்ஸைத் தட்டாதே. அப்படியே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவன் ஒரு காலைத் தூக்கி, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நடப்பதுபோல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து விலகினான். அடுத்த குழு துப்பாக்கிகளோடு காத்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் முட்டி போட்டு, ஐந்து இடங்களிலும் சிதறிக்கிடந்த காலி உறைகளைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டாள். ஒவ்வொன்றின் வாயையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சுருட்டல் பிரிந்து, நேராகி, சுற்றிலும் கீறல் இல்லாமல் இருந்தது. இருபத்தைந்தாவது வெர்லின் நின்ற இடத்திலேயே கிடந்தது. பாதி வாய் விரிந்து, பாதி ஒட்டிக்கொண்டு. அதை மட்டும் தனியாக இடது பையில் வைத்தாள்.

"அதையெல்லாம் விடுங்க மார்லிஸ்," என்றாள் ஆர்டிஸ் நாற்காலியிலிருந்து. "பசங்க கூட்டிடுவாங்க."

"இருபத்திநாலு இன்னொரு தடவைக்கு ஆகும்," என்றாள் மார்லிஸ். எழுந்திருக்க ஒரு கையைச் சிமென்ட்டில் ஊன்றிக்கொண்டாள்.